திறப்பு யார் பையில்?

தும்பு மில்லில் டிரம் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பது எமது அங்கத்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் சுவிச்சை நிறுத்துவார். இன்னொருவர் சுற்றிக்கொண்ட தும்பையும் பொச்சுமட்டைத் துண்டையும் இழுத்தெடுக்கக் கையை உள்ளே விடுவார். "போடாதே, கை உள்ளே இருக்கு!" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு பாதுகாப்பு எதுவும் எமது பகுதி மில்கள் பலவற்றில் இன்றுவரை இல்லை.

அண்மையில் எமது அங்கத்தவர் ஒருவருக்கு அந்தச் சத்தம் போதவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. தேநீர் குடித்துவிட்டு வந்த சக தொழிலாளி, மில் சும்மா நிற்கிறது என்று நினைத்து சுவிச்சைப் போட்டிருக்கிறார். அவரும் எமது அங்கத்தவர்தான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பாடசாலையில் ஒரே வாங்கில் இருப்பவர்கள். இப்போது அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை. "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் முதலாளி கதையை முடித்துவிட்டார். வருத்தம் என்னவென்றால், எம்மில் சிலரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

நாம் அதை ஏற்கவில்லை. சுவிச் யார் வேண்டுமானாலும் போடக்கூடியதாக இருந்தது. தவறு அங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு பூட்டுத் தொங்கி, அதன் திறப்பு உள்ளே கைவிட்டவரின் சட்டைப் பையில் இருந்திருந்தால், தேநீர் குடித்து வந்தவர் எவ்வளவு மறதிக்காரராக இருந்தாலும் மில் ஓடியிருக்காது. ஒருவருக்கு விரல்கள் மிஞ்சியிருக்கும், மற்றவருக்கு நிம்மதி மிஞ்சியிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. எமது பழைய மின்வேலைக்காரர்கள் பியூஸைக் கழற்றித் தமது பையில் போட்டுக்கொண்டுதான் மோட்டரில் கை வைப்பார்கள். மலையக ரயிலில் போனவர்கள், சாரதி ஒரு பெரிய வளையத்தை வாங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பார்கள். அதில் உள்ள டெப்லட் கையில் இல்லாமல் அந்த ஒற்றைப் பாதையில் ரயில் நுழைய முடியாது. பூட்டும் அதே யோசனைதான். அமெரிக்காவில் 1989 ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனி விதி செய்துவிட்டார்கள்: இயந்திரத்துக்குச் சக்தி வரும் வழியை அடைத்துப் பூட்டு, யார் பூட்டியது என்று அட்டை தொங்கவிடு, பிறகு வேலை செய்.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 2012 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் பம்பிள் பீ என்ற டின்மீன் கம்பெனியில், 35 அடி நீளமான அவிக்கும் அடுப்புக்குள் ஒரு தொழிலாளி வேலையாக நுழைந்திருந்தார். அவர் வேறெங்கோ போய்விட்டார் என்று நினைத்த சக தொழிலாளர்கள், ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட டியூனா மீனை உள்ளே தள்ளிக் கதவை மூடி அடுப்பை இயக்கினார்கள். அவர் உயிரோடு வெளியே வரவில்லை. 2015 இல் அந்தக் கம்பெனி 6 மில்லியன் டொலர் கட்ட நேர்ந்தது. அங்கேயும் அடுப்பை இயக்கியவர்கள் தொழிலாளர்களே.

எமது மில்களுக்கு வருவோம். சிவப்புப் பொத்தானை அமுக்குவது போதாது. அதை யாரும் திருப்பி விடுவித்துவிடலாம். மெயின் சுவிச்சையே நிறுத்தி, அதன் பிடியில் பூட்டுப் போட வேண்டும். கரண்ட் நின்றாலும் டிரம் உடனே நிற்பதில்லை. பாரமான டிரம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது முற்றாக நிற்கும்வரை காத்திருந்து, அசையாதபடி கட்டை கொடுக்க வேண்டும். பிறகு, எல்லோரும் விலகி நிற்க, ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். தவறான சுவிச்சைப் பூட்டிவிட்டு நிம்மதியாகக் கைவிட்டவர்கள் உண்டு. இரண்டு பேர் உள்ளே வேலை செய்தால் இரண்டு பூட்டு. பாஸ் போட்ட பூட்டு எல்லோருக்கும் போதும் என்பது சரியில்லை, பாஸும் மறக்கக்கூடியவர்தான். டீசல் எஞ்சினில் ஓடும் மில்லில் பூட்ட சுவிச்சே இருக்காது. அங்கே எரிபொருள் வழியை அடைத்து, சுற்றி ஸ்டார்ட் செய்யும் கைபிடியை அல்லது பற்றரி வயரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பெட்டியைப் பூட்டலாம்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது இயந்திரம் துப்புரவாக்குவதைப் பல இடங்களில் மின்வெட்டு நேரத்துக்கே தள்ளிவைத்தார்கள். ஒழுங்கான ஸ்டார்ட்டர் கரண்ட் போனதும் விழுந்துவிடும். பழைய கத்தி சுவிச் விழாது. கரண்ட் வந்த கணமே மோட்டர் சுற்றும். கரண்ட் இல்லை என்பது பூட்டு அல்ல. எத்தாளையிலிருந்து பாலாவி வரை தோட்டக் கிணறுகளில் இறங்கித் தண்ணீர் மோட்டர் பழுதுபார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அட்டையில் எழுதுவது தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குக் கையின் படமும் வேண்டும். நிருவாகத்துக்கு எழுத ஆள் இல்லை என்றால் சொல்லட்டும், எமது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாக எழுதிக் கொடுப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு இட வேண்டியது முதலாளியின் கடமை. விபத்தினால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் தன் வேலையைச் செய்ய முடியாமற் போனால், தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் உச்ச நட்டஈடு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கையில் கொடுத்து "பேசி முடித்துக்கொள்வோம்" என்று வருபவர்களிடம் வெற்றுத் தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். முதலில் கிளைத் தலைவரிடம் வாருங்கள்.

பூட்டின் விலை ஒரு நாள் கூலிக்கும் குறைவு. முதலாளிமார் பின்வாங்குவது அந்தக் காசுக்காக அல்ல, நேரத்துக்காக. இங்கே நாமும் உண்மையைப் பேச வேண்டும். மட்டைக் கணக்குக்குக் கூலி வாங்குபவருக்கு மில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அவசரப்பட்டுக் கையை விடுவது துணிச்சலால் அல்ல, அரிசி விலையால். ஆகவே பூட்டு மட்டும் கேட்டால் அது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டி, சிக்கெடுத்து, திறக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும். இதுவே எமது சங்கத்தின் முதலாவது கோரிக்கை. இரண்டாவது, பூட்டுப் போடாத இயந்திரத்தில் கை வைக்க மறுப்பவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இரண்டும் எழுத்தில் வேண்டும்.

விரல்களை இழந்த தோழரின் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். சுவிச்சைப் போட்ட தோழரின் வீட்டுக்கும் போனோம். அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. இருவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க முயன்று வருகிறோம். அவரைக் குறைசொல்லி ஊரில் பேசுபவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் கிளைத் தலைவர்கள், தமது மில்லில் மோட்டர் எத்தனை, மெயின் சுவிச் எத்தனை, அவற்றில் பூட்டுக் கொளுவ ஓட்டை உள்ளவை எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு வரவும்.