சிரிப்பார் இல்லாத அறை

விடியோ விளையாட்டு என்றவுடன், ஓரிடத்தில் அமர்ந்து கட்டைவிரலை மட்டும் வருத்தும் சோம்பலையே நம்மிற் பலர் நினைக்கின்றனர். சரீரம் முழுவதையும் அசைத்து ஆடவேண்டிய வகையும் உண்டு. 1998-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கொனாமி கம்பெனியார் வெளியிட்ட நடன விளையாட்டில், திரையிலே தோன்றும் அம்புக்குறிகளுக்கேற்பக் கால் மாற்றி மிதித்தல் வேண்டும். 2007-இல் நின்டெண்டோ கம்பெனியார் விற்கத் தொடங்கிய பலகையோ இன்னும் நுட்பமானது. அதன் நான்கு மூலைகளிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் உள. ஏறி நிற்பவரது பாரம் எப்பக்கம் சாய்கின்றதென்பதை அவை அறிய, திரையில் ஒரு புள்ளி அதனைக் காட்டும். நேராகவே நிற்கின்றோம் என்று எண்ணியிருந்தவர் தம் கோணலைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளலாம்.

உடலைச் சமநிலையில் நிறுத்துவதற்குக் கண்ணும், உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களும், பாதம், தசை, மூட்டு இவற்றின் உணர்ச்சியும் ஒருங்கே உழைக்கின்றன. மேற்சொன்ன பலகை கண்ணுக்கே மிகுதியும் வேலை தருகின்றது. ஆதலின், நொண்டியும் பாண்டியும் ஆடிப் பழகிய கால்களுக்கு அதனால் பெரும்பயன் இல்லை என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பார்ப்போர், தாம் இதுகாறும் கண்ணை எத்துணை நம்பியிருந்தனர் என்பதை அரை நிமிஷத்தில் அறிவர்.

ஆயினும், மைதானத்துக்கே வாராத மாணாக்கர் திறத்து நாம் என் செய்வது? பருத்த உடலினர், காலில் ஊனமுற்றோர், சிறுவயது முதல் தெருவில் ஓடியாட விடப்படாத பெண்கள் ஆகிய இவர்களைத் தடுப்பது சோம்பலன்று. விழுந்தால் பிறர் சிரிப்பரே என்னும் அச்சமே தடுக்கின்றது. விழாமற் சமநிலை கற்றவர் யாருமிலர்; யந்திரமோ எவரையும் கண்டு சிரிப்பதில்லை. அதுவே அதன் தலையாய குணம் என்பது நம் கருத்து.

நம் புதுக்கோட்டை ஜில்லாவிலே இதற்குச் சான்றுண்டு. 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அவர்கள் காலத்தில், அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தனர். ஏளனப் பேச்சுக்குக் குறைவில்லை. பெண்களுக்கான சைக்கிள் போதாமையால் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதனையே விரும்பினாரும் உளர்! 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று, ஆயிரத்தைந்நூறு பெண்களுக்குமேல் மணியொலிக்க இந்நகர் வீதிகளிற் சைக்கிள் ஓட்டிச் சென்றனர். ஒருத்தி தனித்து விழுந்தால் அது வேடிக்கை. ஊரே விழுந்தெழுந்து பழகும்போது சிரிப்பதற்கு யார் மிஞ்சுவர்?

அத்தகைய கூட்டம் என்றும் கூடுவதன்று. ஆதலின் கல்லூரியில் ஓர் அறையை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அப்பலகை இப்போது புதிதாய்ச் செய்யப்படுவதில்லை; பழையதொன்று கிடைப்பினும் போதும். வழுக்காத தரையும், பற்றிக்கொள்ளச் சுவரோரம் ஒரு கம்பியும், அருகே தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவரும் இன்றியமையாதன. பலகையில் தேறியவர் அங்கேயே தங்கிவிடாமல், ஒரு பருவத்துக்குள் மணலுக்கும் சைக்கிளுக்கும் வரல் வேண்டும். வேடிக்கை பார்ப்போருக்கு அங்கே இடமில்லை. செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்தல் நன்று; இக்காலத்தில் ஒருவர் விழுந்த கதை அவர் எழுமுன் ஊரெங்கும் பரவிவிடுகின்றது.