சுவர் இருந்தால்தான் சித்திரம்

திமிங்கிலத்தைக் காக்க வேண்டுமானால், முதலில் அதன் இரை திரளும் இடத்தைக் காக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அண்டார்டிக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் இறாலைப் போன்ற கிரில் என்னும் சிற்றுயிரை உண்டு வாழ்கின்றன. ஆய்வாளர்கள் கப்பலிலிருந்து ஒலியலைகளை நீருக்குள் செலுத்துகின்றனர். எதிரொலியைக் கொண்டு கிரில் கூட்டங்களை வரைபடத்தில் குறிக்கின்றனர். திமிங்கிலம் எங்கு இரைதேடும் என்பதை அவ்வரைபடம் உணர்த்துகிறது.

ஆயினும், ஒரு கடலின் வரைபடம் மறுகடலுக்குப் பொருந்தாது. இலங்கைக் கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்களின் கழிவை ஆஷா டி வோஸ் குழுவினர் ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். அவை கிரிலைவிட ஒருவகைச் சிற்றிறாலையே மிகுதியாக உண்பது தெரியவந்தது. நம் வீட்டுப் பெலாச்சானுக்குரிய கூனி இறாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே!

மலாக்கா நீரிணைக்கு வந்துபோகும் கப்பல்கள் இத்திமிங்கிலங்கள் இரைதேடும் பகுதியைக் கடக்கின்றன. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் மடிகின்றன. அதனால், 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் கப்பல் பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே மாற்றிக்கொண்டது. சுற்றிச் சென்றால் எரிபொருள் செலவு கூடும் எனச் சிலர் கூறலாம். மடிந்த திமிங்கிலத்தை எந்தப் பணம் மீட்டுத் தரும்?

நம் பேராக் மாநிலத்தின் மாத்தாங் கடலோரத்திலும் ஓங்கில்கள் வாழ்கின்றன. அவை உண்ணும் மீன்களுக்கு அங்குள்ள அலையாத்திக் காடே தொட்டில். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். அக்காட்டைக் காப்பது நம் கடமையன்றோ?