டயர் வரி குறைஞ்சாச்சு... ஆனா கடையில நீங்க பார்க்க வேண்டியது விலையை மட்டும் இல்ல!

கார் டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. "10 சதவீதம் குறைச்சாங்க, கடையில அவ்வளவு குறையலையே?" என்று பலரும் கேட்கிறார்கள்.

கணக்கு இதுதான். வரி சேர்க்காமல் 5,000 ரூபாய் விலையுள்ள டயரை முன்பு 6,400 ரூபாய் கொடுத்து வாங்கினோம். இப்போது 5,900. குறைந்தது 500 ரூபாய், அதாவது பழைய விலையில் 8 சதவீதம்கூட இல்லை. நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சத்தை பழைய சரக்கு வாங்கிக் கோட்டை விட்டுடாதீங்க!

டயருக்கும் வயசு இருக்கா?

இருக்கு. ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் இறுகும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3124 என்றால் 2024-ம் ஆண்டின் 31-வது வாரத்தில் தயாரானது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இது இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே பாருங்க.

எங்கள் வீட்டுக் காருக்கு டயர் வாங்கப் போனபோது ஆஃபர் என்று காட்டியது இரண்டு வருடப் பழசு. எண்ணைக் காட்டிக் கேட்டதும், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் வேறு டயர் எடுத்து வந்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால்?

இதே காரணத்தால்தான் மூன்று டயர் மட்டும் வாங்கி, பல வருடமாக டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை நான்காவதாக மாட்டுவதும் ஆபத்து. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கிழடு.

எப்போ மாத்தணும்?

கார் டயரின் பட்டன் ஆழம் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அளக்க கருவி வேண்டாம். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு இருக்கும், பட்டன் அந்த மேடு மட்டத்துக்குத் தேய்ந்தால் கதை முடிந்தது. ஆனால் நம்ம ஊர் ஐப்பசி மழையில் அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. தண்ணீரை வெளியேற்றுவதே அந்தப் பள்ளங்கள்தான். அவை ஆழமில்லாமல் போனால் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே வழுக்கிப் போகும், பிரேக் பிடித்தும் பயன் இருக்காது.

ரெண்டு டயர்தான் வாங்க முடியுமா?

அப்படியானால் புதுசை பின்பக்கம் போடச் சொல்லுங்க. "இன்ஜின் முன்னாடி இழுக்குது, புதுசு முன்னாடிதான்" என்று பல கடைகளில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.

சைஸ்?

கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். உதாரணம்: 165/80 ஆர்14 85டி. கடைசியில் உள்ள 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு, 'டி' என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேக வரம்பு. இந்த இரண்டிலும் ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

பில்லில் நான்கு டயரின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்க, வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.