மைலேஜ் குறைகிறது, பெட்ரோல் வாடை வீசுகிறது: குற்றவாளி யார்?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 20 வருஷத்துப் பழைய கார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றது அந்தக் கார்தான். பேரனுக்கு முடியிறக்கக் கோவிலுக்குப் போனதும் அதில்தான். அதை விற்க அவருக்கு மனம் இல்லை.

முன்பு அது லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடியது. இப்போது 10 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. காலையில் ஷெட்டைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் நெடி!

ஷெட்டுக்கு அடுத்த அறை சமையல் அறை.

"என்னங்க, இந்த வாடையில் அடுப்பைப் பற்றவைக்கவே பயமாக இருக்கிறது" என்கிறார் மனைவி.

"எல்லாம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் செய்கிற வேலை, சார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வண்டிக்கு வயதாகிவிட்டது. தள்ளிவிடுங்கள்" என்கிறார் மெக்கானிக்.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை.

எத்தனால் வந்த கதை

எத்தனால் என்பது எரிசாராயம். கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றில் இருந்து அதைத் தயாரிக்கிறார்கள்.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது. அந்தச் செலவைக் குறைக்கவும், விவசாயிகளுக்கு வருமானம் கிடைக்கவும் பெட்ரோலில் எத்தனாலைக் கலக்கும் திட்டம் வந்தது.

2022-ல் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் அது நாடு முழுவதும் பரவியது. 2030-க்கு என்று முதலில் குறித்த இலக்கு, 5 ஆண்டு முன்னதாகவே எட்டப்பட்டது.

உடனே பழைய வண்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்கில் கிடைக்க வேண்டும்" என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது. 2025 செப்டம்பர் 1-ந் தேதி அந்த மனு தள்ளுபடி ஆனது.

எத்தனால் எவ்வளவு தின்கிறது?

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், மொத்தச் சக்தியில் 6 அல்லது 7 சதவீதம் குறையும்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும், பழைய ரகக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றே சொன்னது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் 3 முதல் 6 சதவீதம் என்றது.

ஆசிரியரின் காருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16-ல் 7 சதவீதம் போனால் ஏறக்குறைய 15. ஆனால் வண்டி ஓடுவதோ 10!

16-ல் இருந்து 15-க்கு இறக்கியது எத்தனால். 15-ல் இருந்து 10-க்கு இறக்கியது யார்? அந்தத் திருடன் காருக்குள்ளேயே இருக்கிறான்.

மாதம் 800 கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு செலவு 5,000 ரூபாய். இப்போது 8,000 ரூபாய். கூடுதலான 3,000 ரூபாயில் எத்தனாலின் பங்கு சுமார் 350 ரூபாய்தான். மீதி முழுவதும் பழுதின் பங்கு.

முதலில் அளவு

வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மைலேஜைச் சரியாக அளக்க வேண்டும்.

பங்க்கில் குழாய் தானாக நிற்கும் வரை பெட்ரோல் போட வேண்டும். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 200, 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை, இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரிந்துவிடும்.

மைலேஜ் குறைந்து, வாடை இல்லை என்றால், முதலில் டயரில் காற்றைப் பார்க்க வேண்டும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மைலேஜும் குறைந்து, வாடையும் வந்தால் இரண்டில் ஒன்று. பெட்ரோல் வெளியே ஒழுகுகிறது. அல்லது எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் போகிறது.

சாட்சி சொல்லும் பிளக்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிகிறது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது.

இங்கேதான் ஒரு விசித்திரம்! எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. ஆகவே பழைய கார்புரேட்டர் வண்டியில் எத்தனால் கலவையின் கெட்டித்தன்மையைக் குறைக்குமே தவிர, கூட்டாது. பிளக் கறுத்திருந்தால், சைலன்சரில் கறும்புகை வந்தால், அதற்குக் காரணம் எத்தனால் அல்ல.

கார்புரேட்டர் வண்டி என்றால், சோக் மூடியபடியே சிக்கியிருக்கலாம். உள்ளே மிதவையோடு சேர்ந்த ஊசி தேய்ந்து, பெட்ரோல் வழியலாம். இன்ஜெக்டர் வண்டி என்றால், ஆக்சிஜன் சென்சாரோ, எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாரோ கெட்டிருக்கலாம். சூடான எஞ்சினைக் குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்து, கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

வாடை எப்போது வருகிறது?

பெட்ரோல் போட்ட அன்று மட்டும் வாடை வந்தால், டேங்க் மூடியின் வாஷரையும், பெட்ரோல் ஊற்றும் வழியில் உள்ள ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். குழாய் தானாக நின்ற பிறகும் வாய்வரை நிரப்புகிற பழக்கமும் கூடாது. ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் புகுந்து கெட்டுவிடும்.

வண்டியை நிறுத்தியவுடன் முன்பக்கம் வாடை வந்தால், எஞ்சின் அருகே ஒழுக்கு. மூடிய ஷெட்டில் இரவு முழுவதும் நின்ற பிறகு வந்தால், டேங்கில் இருந்து எஞ்சின் வரை எல்லாக் குழாய்களையும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய் அல்ல. பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பலாம், வெடிக்கலாம். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அரசே 2025-ல் சொன்னது. எத்தனால் தாங்கும் குழாய்களாகக் கேட்டு வாங்கிப் போடுவது நல்லது.

உயிர் பெரிது

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து பக்கத்து அறைக்கும் போகும். ஒரு பொறி போதும்!

ஆகவே ஷெட்டில் நெடி அடித்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மின்விளக்கு சுவிட்சைத் தொடக் கூடாது. வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. கதவைத் திறந்து காற்றாட விட்டு, மெக்கானிக்கை அழைக்க வேண்டும். இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும். குழாயை வீட்டில் கழற்றிப் பார்ப்பது ஆபத்து.

16-ல் இருந்து 15-க்கு இறங்கியதற்கு வண்டிக்காரர் அரசைக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. கூடுதல் பெட்ரோலுக்கும் புதிய ரப்பர் குழாய்க்கும் பணம் அவர் பையில் இருந்துதானே போகிறது?

ஆனால் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டுவிட்டு, வாடையோடு வண்டி ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். மைலேஜ் குறைந்தால் பணம்தான் போகும். வாடையைக் கவனிக்காமல் விட்டால் வீடே போகும்.

ஆசிரியரின் மனைவி அடுப்பைப் பற்றவைக்கப் பயந்தது சரிதான். மூன்று பேர் சொன்னதில் முழு உண்மை அவர் சொன்னதுதான்!