பயமும் தொற்றும்

எங்கள் வீட்டு நாய் மணி, 2019 இல் குட்டியாக வந்தது. யுத்தம் என்ற ஒன்றை அது கண்டதேயில்லை. ஆனால் வானத்தில் ஹெலி இரைந்தால் வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடும். இதை எங்கே பழகிற்று என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

போன மாதம் அதற்கு என் பேத்தி விடை சொன்னாள். அவளுக்கு ஆறு வயது. இருவரும் முற்றத்தில் நின்றபோது ஹெலி ஒன்று தாழப் பறந்தது. சத்தம் ஓய்ந்த பிறகு பார்த்தால், நான் மதிலோடு ஒட்டிக் குந்தியிருக்கிறேன். பிள்ளை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை பயந்தனீ?"

"நீங்கள் பயந்தனீங்கள் அம்மம்மா, அதாலை நானும்."

கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கு இது புதினமல்ல. பருந்தைக் கண்டது தாய்க்கோழி மட்டும்தான். அது ஒருமுறை குரல் கொடுத்ததும் குஞ்சுகள் எல்லாம் செட்டைக்குள் வந்துவிடும். ஒன்றுகூட வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

மீன்களிடமும் இது உண்டு. காயப்பட்ட ஒரு சிறுமீனின் தோலிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஏதோ ஒரு பொருள் மற்ற மீன்களைக் கலைந்தோட வைக்கிறது என்று கார்ல் வொன் பிரிஷ் என்னும் விஞ்ஞானி 1938 இல் எழுதினார். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னர் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

சுவீடனில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்பவர்களிடம், "இம்முறை நீங்கள் போகும்போது பக்கத்தில் ஒருவர் சட்டென்று குடையை விரிப்பார்" என்று சொல்லிவைத்தார்கள். குடையை யாரும் விரிக்கவேயில்லை. ஆனால் நடத்தியவரின் இதயம் வேகமாகத் துடித்தது, கூடவே குதிரையின் இதயமும். குடை பற்றிக் குதிரைக்கு யார் சொன்னது?

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2006 இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வில் இன்னொரு விடயம் தெரியவந்தது. நோவில் துடிக்கும் எலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எலிக்குத் தன் நோவும் கூடிப்போகிறது. ஆனால் ஒரே கூட்டில் கூட இருந்த எலியென்றால்தான் அப்படி. முன்பின் தெரியாத எலியென்றால் இல்லை. இதை வாசித்தபோது 2009 இல் நாங்கள் இருந்த முகாம் நினைவுக்கு வந்தது. எங்கள் தறப்பாள் வரிசையில் ஒருத்தி அழத் தொடங்கினால் வரிசை முழுதும் அழும். அடுத்த வலயத்து அழுகை எங்களுக்குக் கேட்கும், அவ்வளவுதான்.

என்னை உறங்கவிடாமல் செய்தது குரங்குகளின் கதை. சூசன் மினெக்கா என்ற உளவியலாளர் அமெரிக்காவில் எண்பதுகளில் செய்த ஆய்வு அது. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்புக்கு அஞ்சின. அவற்றுக்கு ஆய்வுகூடத்தில் பிறந்த பிள்ளைகள் அஞ்சவில்லை, பாம்புக்கு மேலாகக் கையை நீட்டித் தீனியை எடுத்தன. தாய் தகப்பன் பாம்பைக் கண்டு பதறுவதைச் சிறிது நேரம் பார்க்க விட்டார்கள். ஆறில் ஐந்து பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது போகவில்லை. அவற்றில் ஒன்றையும் பாம்பு தீண்டியதில்லை.

இதை வைத்துத் தாய்மாரின் தலையில் பழியைப் போடவேண்டாம். 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் அதற்குப் பிறகும், பொம்மர் இரைச்சலுக்கு எங்களைப் பதுங்கு குழிக்குள் தள்ளியது அந்தப் பயம்தான். அதனால்தான் என் மகள் இருக்கிறாள், பேத்தியும் இருக்கிறாள்.

மினெக்கா 1986 இல் இன்னொன்றும் செய்தார். பாம்புக்கு அஞ்சாத ஒரு குரங்கை முதலில் பலமுறை பார்க்கவிட்டு, அதன் பிறகே அஞ்சும் குரங்கைக் காட்டினார். அப்படிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பயம் பிடிக்கவில்லை. தடுப்பூசி போட்டதைப் போல.

என் பேத்தி அஞ்சுவதை முதலில் பார்த்துவிட்டாள். வரிசை பிழைத்துவிட்டது. என்றாலும் முயன்று பார்ப்போம் என்று நினைத்தேன்.

போன கிழமை திண்ணையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது ஹெலி வந்தது. மணி கட்டிலுக்குக் கீழே போயிற்று. நான் எழும்பவில்லை. சுளகைப் பார்த்தபடி உருவிக்கொண்டேயிருந்தேன். பிள்ளை வானத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், கனநேரம் பார்த்தாள். பிறகு ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

சுளகைப் பார்த்தால் பாதிக்கு மேல் காம்பு. அன்றைய வறையைச் சாப்பிட்டுவிட்டு மகள், "என்னம்மா இது, ஒரே ஈர்க்கு" என்றாள்.