சலிப்பைக் கவனியுங்கள்

கணினி வழியே பாடம் நடத்தும் மென்பொருள்கள் பலவும் விடை சரியா, தவறா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. அது போதாது; மாணவரின் மனநிலையையும் பார்க்க வேண்டும். ரையன் பேக்கர், சிட்னி டிமெல்லோ உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று வெவ்வேறு கணினிக் கற்றல் சூழல்களில் மாணவர்களைக் கவனித்தது. எரிச்சலைவிடச் சலிப்பே கெடுதல் என்றது அது. சலிப்பு வந்தால் எளிதில் போவதில்லை. சலித்த மாணவர் உதவிக் குறிப்புகளை வரிசையாக அழுத்தி விடையைப் பிடுங்கப் பார்க்கிறார். குழப்பமோ, தீர்த்துக்கொள்ள வழியிருந்தால், கற்றலுக்கு உதவவும் கூடும் என்று டிமெல்லோ குழுவினர் 2014இல் காட்டினர். ஆகவே, மாணவர் திணறியதுமே விடையைக் கொட்டும் செயலி (நல்ல எண்ணத்தோடுதான்) அவருடைய யோசனையை நடுவிலேயே நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் சலிப்பை அறிய, கேமரா வைத்து முகத்தைப் படிக்கலாமே என்பார்கள். கூடாது. முகபாவத்தை மட்டும் கொண்டு உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழுவினர் 2019இல் எச்சரித்தனர். ஐரோப்பிய ஒன்றியமோ, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, முகம், குரல் வழியே மாணவர் உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவைக் கல்விக்கூடங்களில் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. கேமரா தேவையும் இல்லை. விடை தர எடுத்த நேரம், குறிப்பு கேட்ட வேகம் ஆகிய பதிவுகளே சலிப்பை ஓரளவு காட்டிக்கொடுக்கும். செயலி வாங்கும் பள்ளிகள், மாணவர் சலித்தால் இது என்ன செய்யும் என்று முதலில் கேட்கட்டும்.