சிரித்து மறந்த செய்தி

நடப்பைக் கண்டு கற்பனை பிறப்பது இயல்பு. கற்பனையைக் கண்டு நடப்பு பிறந்தாற்போலத் தோன்றுமாயின் அது வியப்புக்குரியது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாகத் திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு, இவ்விரு மொழிகளிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. நேயர்கள் இம்மாதம் அவற்றைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலில் நம் தமிழ். சோ இராமசாமி எழுதிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகம் 1968-இல் மேடையேறிற்று. 1971-இல் திரைப்படமாகவும் வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட துக்ளக் இக்காலத்தில் எழுந்து வந்து, தேர்தலில் நின்று, பிரதமரும் ஆகிவிடுகிறார் என்பது கதை. தம் கட்சிக்கு வந்து சேரும் உறுப்பினர் எவராயினும் அவருக்குத் துணைப் பிரதமர் பதவி என்று அவர் அறிவிக்கிறார். பாரசீக மொழியே ஆட்சிமொழி என்றும் ஆணையிடுகிறார். அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. இப்படியும் நடக்குமோ என்று கேட்டவாறே மக்கள் வீடு திரும்பியிருப்பர்.

நடந்தது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கலியாண்சிங் தமது ஆட்சியைக் காத்துக்கொள்ளப் பிற கட்சிகளிலிருந்து பிரிந்து வந்தோரையெல்லாம் அமைச்சராக்கினார். அமைச்சர் எண்ணிக்கை 93 ஆயிற்று! 425 உறுப்பினர் கொண்ட சபையில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் அமைச்சர். மேடையில் நகைப்பாயிருந்தது, லக்னோவில் அரசாணையாயிற்று. அமைச்சரவை சபையின் நூற்றுக்குப் பதினைந்து பங்கினை மிஞ்சலாகாது என்னும் அரசியலமைப்புத் திருத்தம் 2003-ஆம் ஆண்டினதாகும். ஆயினும் ‘துணை’ என்னும் பட்டத்துக்கு அத்திருத்தம் வரம்பு கூறவில்லை. 2019-இல் ஆந்திரத்தில் துணை முதலமைச்சர்கள் ஐவர் ஒருங்கே பதவியேற்றனர். பல சமூகத்தாருக்கும் இடமளிப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. நோக்கம் எதுவாயினும், துக்ளக்கை நினையாதிருக்க இயலவில்லை.

இனி மலையாளம். பாலக்காட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, தில்லியில் கேலிச்சித்திரம் வரைந்தவர் ஓ. வி. விஜயன். அவர் எழுதிய அரசியல் அங்கத நாவல் ‘தர்மபுராணம்’. நம் தருமபுரி மாவட்டத்துக்கும் அக்கதையில் வரும் தர்மபுரிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இது கற்பனை நாடு. அதனை ஆளும் பிரஜாபதியின் மலத்தையும் குடிமக்கள் போற்றி வணங்குகின்றனர். படிப்போர் முகஞ்சுளிக்க வேண்டும் என்றே அவர் அவ்வாறு எழுதினார். ‘மலையாள நாடு’ வார இதழில் இது 1975 ஜூலை முதல் தொடராக வெளிவருவதாக இருந்தது. ஜூன் 25 அன்று நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அடிபணிதலைப் பழித்த கதை, அடிபணிதலே சட்டமான நாளில் அச்சேற வழியின்றிக் காத்துக் கிடந்தது. நெருக்கடி நீங்கிய 1977-இல்தான் தொடராக வெளிவந்தது. நூலுருப் பெற்றது 1985-இல். முன்னமே எழுதப்பெற்ற அக்கதையைப் படித்தவர்கள், நடந்ததைப் பார்த்து எழுதியது போலும் என்று எண்ணினால் அதில் தவறில்லை.

இவ்விருவரும் சோதிடரோ எனின், அல்லர். சோவின் நாடகத்துக்கு ஓராண்டு முன்பே, 1967-இல், அரியானாவில் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாள்களுக்குள் மும்முறை கட்சி மாறினார். விதை மண்ணில் விழுந்துவிட்டது. அது மரமானால் எப்படியிருக்கும் என்று வரைந்து காட்டினார் சோ. நாமறிந்த ரயில்வே மொழியில் சொல்வதாயின், பாதை எத்திசையில் திருப்பப்பட்டிருக்கிறது என்று கண்டவனுக்கு, வண்டி எந்த ஊர் சென்று சேரும் என்று சொல்வது அரிதன்று. ஏறி அமர்ந்தவர்களுக்கே அது தெரிவதில்லை.

பின் ஏன் துக்ளக்கின் வேடமும், இல்லாத ஊரின் பெயரும்? நேரே சொன்னவர் பட்ட பாட்டை நம் ஊரே அறியும். திவானைக் கண்டித்து எழுதிய ‘சுவதேசாபிமானி’ ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையின் அச்சகம் 1910 செப்டம்பர் 26 அன்று முத்திரையிடப்பட்டது. அவரும் திருவிதாங்கூரினின்றும் நாடு கடத்தப்பட்டார். வேடம் புனைந்த சொல்லுக்கு வாசலில் தடை சற்றுக் குறைவு.

உலகில் வேறொரு புதுமையும் உண்டு. உக்ரைன் நாட்டில் 2015-இல் தொடங்கிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், ஊழலைக் கண்டு வெகுண்ட பள்ளி ஆசிரியர் ஒருவர் நாட்டின் அதிபராகிறார். அவ்வேடம் புனைந்த நடிகர் ஜெலன்ஸ்கி, 2019-இல் மெய்யாகவே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டோர் அங்கதத்தின் வழியே சென்ற கதை முன்னவை. மக்களே விரும்பிச் சென்ற கதை இது. எனவே கற்பனையை நடப்பாக்குவதில் நமக்கும் பங்குண்டு.

இங்குதான் நேயர்களிடம் நாம் ஒன்று சொல்ல விழைகிறோம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். தமிழ்நாட்டு அரசியலை இங்கிருந்து பார்த்துச் சிரிக்கிறோம். கேரள அரசியலை ‘அவர்கள் விஷயம்’ என்று ஒதுக்கிச் சிரிக்கிறோம். இரு பக்கமும் சிரிப்போடு நம் கடமை தீர்ந்துவிடுகிறது. ஆனால் வாக்குச்சீட்டு நமக்கு இங்கே உண்டு; குடும்ப அட்டையும், பள்ளியும், மருத்துவமனையும் இங்கேதான்.

துணைப் பிரதமர்களைப் பார்த்து மக்கள் சிரித்தது 1968-இல். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் வந்தது 1985-இல். அமைச்சர் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது 2003-இல். சிரிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்! அத்தனை காலமும் அச்செய்தி நம் கையில்தான் இருந்தது. ஆகவே அடுத்த முறை ஓர் அங்கதக் கதையைப் படித்துச் சிரித்தபின், ‘இதற்கு விதை இன்று எங்கே கிடக்கிறது?’ என்று வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காட்டும் இடத்தை நாமும் ஒருமுறை நின்று பார்ப்போம்.